சேமித்த கோப்பு அடுத்த பதிப்பிலும் திறக்க வேண்டுமானால்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்கள் சிலவற்றின் நீர்மட்டத்தைக் குறித்துவைக்கும் ஒரு சிறு குழுவில் நான் இருக்கிறேன். மடைக்கு அருகே நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து ஊர்க்காரர் ஒருவர் வாரம் ஒருமுறை எண்ணைச் செல்பேசியில் அனுப்புவார். மதுரையில் இருக்கும் எங்களில் ஒருவர் அதைக் கணினியில் ஏற்றுவார். வேலை இவ்வளவுதான். ஆனால் குழுவில் சேரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: போன ஆண்டு ஒருவர் சேமித்த கோப்பு, இந்த ஆண்டு இன்னொருவர் கணினியில் திறப்பதில்லை.

நானும் அங்கேதான் விழுந்தேன். 2021-இல் பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற லைப்ரரியில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பில்), அதன் 1.3 பதிப்பில், கண்மாயின் வரிசை எண்ணையே ஒவ்வொரு வரிக்கும் அடையாளமாக வைத்து ஓர் அட்டவணையை உருவாக்கி, அதை பிக்கிள் முறையில், அதாவது நிரலின் பொருளை உள்ளபடியே சேமிக்கும் பைத்தானின் முறையில், அப்படியே கோப்பாகக் கொட்டிவைத்தேன். இரண்டு ஆண்டு கழித்து வாங்கிய மடிக்கணினியில் பாண்டாஸ் 2.0 இருந்தது. கோப்பைத் திறக்கச் சொன்னதும், கோப்பு தேடும் மாட்யூலே (நிரல் பகுதியே) பாண்டாஸுக்குள் இல்லை என்ற பிழைச்செய்தியோடு நிரல் நின்றது. கோப்பில் ஒரு பைட்டும் கெட்டிருக்கவில்லை. அன்று கற்றதையும் அதன் பிறகு பட்டறிந்ததையும் செய்யவேண்டிய ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு திசைகள்

புதிய பதிப்பு லைப்ரரி பழைய கோப்பைப் படிக்குமானால் அது பின்னோக்கிய இணக்கம். பழைய பதிப்பு லைப்ரரி புதிய பதிப்பு எழுதிய கோப்பைப் படிக்குமானால் அது முன்னோக்கிய இணக்கம். லைப்ரரி எழுதுவோர் பொதுவாக முதலாவதற்குத்தான் உறுதி தருவார்கள். நாளைக்கு என்ன வடிவம் வரும் என்பதை நேற்றைய மென்பொருள் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் நம்மைப் போன்ற குழுக்களில் ஆளுக்கொரு கணினி, கணினிக்கொரு பதிப்பு என்றிருப்பதால், அன்றாடம் அதிகமாகத் தொந்தரவு தருவது இரண்டாவதுதான். புதிய கணினி வைத்திருப்பவர் சேமித்து அனுப்புவார். பழைய கணினிக்காரர் திறக்க முடியாமல் நிற்பார்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை பிக்கிளை வைத்தே விளக்கலாம். பிக்கிள் கோப்பில் எண்களும் எழுத்துகளும் இருக்கும். ஆனால் அந்த எண்கள் எந்த வகைப் பொருளுக்குள் அடங்குகின்றன என்பதற்கு, அந்தப் பொருளின் கிளாஸ் (அதன் அமைப்பை வரையறுக்கும் நிரல்) எந்த மாட்யூலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். கிளாஸின் நிரல் கோப்புக்குள் இராது. பழைய நிலப் பத்திரங்களில் ‘புளியமரத்துக்கு மேற்கு’ என்று எல்லை எழுதியிருப்பார்கள். மரத்தை வெட்டிய பிறகும் பத்திரம் செல்லும், எல்லைதான் எதுவென்று தெரியாது. பாண்டாஸ் 2.0 வந்தபோது, முழு எண்களை வரி அடையாளமாக வைத்துக்கொள்ளும் இன்ட்64இன்டெக்ஸ் என்ற தனி கிளாஸ் நீக்கப்பட்டது. என் கோப்பு கைகாட்டிய புளியமரம் அதுதான். எண் அணிகளை (வரிசையாக அடுக்கிய எண்களை) கையாளும் நம்பை லைப்ரரியின், 2024 ஜூனில் வெளியான 2.0 பதிப்பில் இதுவே எதிர்த்திசையில் நடந்தது: ‘கோர்’ என்ற உள் மாட்யூலின் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு சேர்க்கப்பட்டது. அதனால் நம்பை 2-இல் சேமித்த பிக்கிள் கோப்புகளை அதற்கு வெகு முந்தைய பதிப்புகள் திறக்க முயன்றால், அடிக்கோடிட்ட அந்தப் பெயர் கிடைக்காமல் நின்றுவிடும்.

முதல் படி: கோப்பு எது என்று உறுதிசெய்து கொள்ளுங்கள்

கோப்புப் பெயரின் கடைசியில் இருக்கும் விரிவை நம்பாதீர்கள்; அது யாரோ தட்டச்சு செய்தது. பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் கோப்பைத் திறந்து முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். நம்பையின் தனி அணிக் கோப்பு பதினாறடிமான எண் 93-இல் தொடங்கி, நம்பை என்ற பெயரை ஆங்கிலப் பேரெழுத்துகளில் கொண்டு, அடுத்த இரண்டு பைட்டுகளில் தன் வடிவப் பதிப்பையும் சொல்லும். ஒற்றைக் கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் முதல் 16 பைட்டுகளில் ‘எஸ்கியூலைட் ஃபார்மட் 3’ என்பது ஆங்கிலத்தில் அப்படியே படிக்கும்படி இருக்கும். பெரிய அட்டவணைகளுக்கான பார்க்கே கோப்பின் தலையிலும் வாலிலும் ‘பிஏஆர்1’ இருக்கும். ‘பிகே’ என்று தொடங்கினால் அது ஜிப். எக்செல் கோப்பும் உள்ளே ஜிப்தான். பிக்கிள் எழுதும் முறைக்கும் பதிப்புகள் உண்டு, அவற்றை நெறிமுறை என்பார்கள். இரண்டாம் நெறிமுறையும் அதற்கு மேற்பட்டவையும் 80 என்ற பைட்டில் தொடங்கும்; அடுத்த பைட்டே நெறிமுறை எண்.

அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிக்கிளின் நான்காம் நெறிமுறை பைத்தான் 3.4-இலும், ஐந்தாவது 3.8-இலும் வந்தன. ஐந்தாம் நெறிமுறைக் கோப்பை பைத்தான் 3.7 திறக்காது, அதற்கு லைப்ரரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெளியார் அனுப்பிய பிக்கிள் கோப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காகக்கூடத் திறக்காதீர்கள். திறக்கும்போதே அதற்குள் எழுதியிருக்கும் கட்டளைகள் உங்கள் கணினியில் ஓடக்கூடும். நம்பை 1.16.3 பதிப்பிலிருந்து, அணிக் கோப்புக்குள் பிக்கிள் இருந்தால் இயல்பாகத் திறக்க மறுப்பது இதனால்தான்.

இரண்டாம் படி: நகல், பிறகுதான் மற்றவை

மூலக் கோப்பை வேறொரு கோப்புறையில் நகலெடுத்து, எழுத இயலாதபடி பூட்டிவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ‘திறந்து பார்த்துவிட்டு அப்படியே சேமித்துவிட்டேன்’ என்ற ஒரு வாக்கியத்தால் எங்களிடம் ஒரு பருவத்துக் கணக்கு போயிருக்கிறது. காற்புள்ளி இட்டுப் பிரித்த எழுத்துக் கோப்பான சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து சேமித்தவுடன், ‘007’ என்ற கண்மாய் எண் 7 ஆகியிருந்தது. 3/4 என்பதுபோன்ற தேதிகளில் ஏப்ரல் மூன்று எது, மார்ச் நான்கு எது என்று பிறகு பிரித்தறிய முடியவில்லை.

மூன்றாம் படி: பழைய சூழலை எழுப்பி, எளிய வடிவத்துக்கு மாற்றுங்கள்

திறக்காத கோப்பைத் திறக்க முதலில் முயலவேண்டிய வழி, லைப்ரரியே தரும் படிப்பானைப் பயன்படுத்துவது. நான் செய்த தவறு, பைத்தானின் பொதுவான பிக்கிள் செயல்கூறால் (ஃபங்ஷனால்) கோப்பைத் திறந்தது. பாண்டாஸுக்கென்று பிக்கிள் படிக்கும் தனிச் செயல்கூறு உண்டு. முதல் முயற்சி தோற்றால், எந்தப் பழைய பெயர் எந்தப் புதிய பெயராக மாறியிருக்கிறது என்ற உள் அட்டவணையைப் பார்த்து அது மறுபடி முயலும். நீக்கப்பட்ட இன்ட்64இன்டெக்ஸும் அந்த அட்டவணையில் இருக்கிறது. அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு அதைக் கண்டுபிடித்து ஒரு வரியை மாற்றினேன், கோப்பு திறந்தது. ஆனால் பாண்டாஸ் 1.0-க்கு முன் சேமித்தவற்றுக்கு இந்த உறுதி இல்லை என்று அதன் ஆவணமே சொல்கிறது.

அது பலிக்காவிட்டால், கோப்பைச் சேமித்தபோது இருந்த பதிப்புகளைத் தனியான மெய்நிகர் சூழலில் (கணினியின் மற்ற நிரல்களைத் தொடாத, தனக்கென லைப்ரரிகள் கொண்ட பைத்தான் நிறுவலில்) நிறுவுங்கள். லைப்ரரியை மட்டும் பழையதாக்கினால் போதாது. அந்த லைப்ரரி எந்தப் பைத்தான் பதிப்புகளுக்கு ஆயத்தமாகக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாண்டாஸ் 1.5-ஐ பைத்தான் 3.12-இல் நிறுவ முயன்றால், ஆயத்தக் கோப்பு இல்லாமல், மூல நிரலிலிருந்து கட்டத் தொடங்கிப் பெரும்பாலும் பாதியில் நிற்கும். பைத்தான் 3.10 போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. திறந்ததும் வேறு எந்த ஆய்வையும் தொடங்காமல், தரவை லைப்ரரி சாராத வடிவம் ஒன்றில் எழுதிவிட்டு, வரிகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு நெடுவரிசையின் கூட்டுத்தொகையையும் இருபுறமும் ஒப்பிட்டுப் பார்த்து வெளியே வந்துவிடுங்கள்.

நான்காம் படி: இனிச் சேமிப்பதற்கு வடிவம் தேர்வது

என் கருத்து இதுதான்: நிரலின் பொருளைச் சேமிக்காதீர்கள், தரவைச் சேமியுங்கள். பிக்கிள், இன்று மாலை நிறுத்தி நாளை காலை அதே கணினியில் தொடரும் வேலைக்கு நல்லது. ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்கு ஆகாது.

கண்மாய்க் கணக்குப் போன்ற பதிவுகளுக்கு எஸ்கியூலைட்டையே நான் முதலில் சொல்வேன். அதன் மூன்றாம் கோப்பு வடிவம் 2004-இல் வந்தது. அன்று எழுதிய கோப்பை இன்றைய பதிப்பும் படிக்கிறது. 2050 வரை தாங்கிப் பிடிக்கும் எண்ணம் இருப்பதாக அதை எழுதுவோர் அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவுத் தொகுப்புகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. இருந்தாலும் அங்கேயும் முன்னோக்கிய இணக்கத்தை மறந்துவிடக் கூடாது: 2021-இல் வந்த 3.37 பதிப்பின் கண்டிப்பான அட்டவணை வசதியை (நெடுவரிசைக்கு அறிவித்த வகைத் தரவை மட்டும் ஏற்பதை) பயன்படுத்தினால், அதற்கு முந்தைய பதிப்புகள் அந்தத் தரவுத்தளத்தைப் படிக்காது. பெரிய அட்டவணைகளுக்குப் பார்க்கே, வெறும் எண் அணிகளுக்கு நம்பையின் சொந்த வடிவம் என்பவை பொருந்தும்.

சிஎஸ்வி எங்கும் திறக்கும் என்பது உண்மை. எப்படித் திறக்கும் என்பதுதான் கேள்வி, குறிப்பாகத் தமிழில். ஒருங்குறியை (யூனிகோடை) எழுதும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதிய கோப்பின் தொடக்கத்தில், குறியாக்கம் எதுவென்று காட்டும் பைட் வரிசைக் குறி இல்லாவிட்டால், எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறக்கும்போது ஊர்ப்பெயர்கள் கிறுக்கலாகத் தெரிவதுண்டு. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய பட்டியல்கள் பாமினி போன்ற எழுத்துருக் குறியாக்கங்களில் இருக்கும், அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் பட்டியலில் கொட்டாம்பட்டி இரண்டு முறை வந்தது. திரையில் இரண்டுக்கும் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. ஆனால் கணினி இரண்டையும் வேறு ஊர்களாகவே கணக்கிட்டது. பைட்டுகளைப் பார்த்தால், ஒன்றில் ‘கொ’வின் உயிர்க்குறி ஒற்றைக் குறியெண்ணாகவும், மற்றதில் ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் இருந்தது. ஒருங்குறி இரண்டையும் சமமென்று ஏற்கிறது. நிரலில் செய்யும் நேரடி ஒப்பீடு ஏற்காது. எனவே எழுதுவதற்கு முன் எல்லாத் தமிழ்ச் சொற்களையும் என்எஃப்சி என்னும் ஒரே இயல்வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில், 2021-11-08 என்பதுபோல எழுதுங்கள்.

இயந்திரக் கற்றலுக்கான சைக்கிட்-லேர்ன் லைப்ரரியில் பயிற்றுவித்த மாதிரிகளைச் சேமிப்போருக்கு ஒரு சொல்: ஒரு பதிப்பில் சேமித்ததை வேறு பதிப்பில் திறப்பதற்கு அந்த லைப்ரரி எந்த உறுதியும் தருவதில்லை, 1.3 பதிப்பிலிருந்து அதற்கெனத் தனி எச்சரிக்கையே எழுப்புகிறது. பயிற்சித் தரவையும் நிரலையும் பதிப்பெண்களையும் சேர்த்து வைத்திருந்தால், தேவைப்படும்போது மீண்டும் பயிற்றுவித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: கோப்புக்குள் பதிப்பும் அலகும்

இதுவரை சொன்னவை திறக்காத கோப்புகளைப் பற்றியவை. திறக்காத கோப்பு குறைந்தபட்சம் கத்தியாவது சொல்லிவிடுகிறது. சத்தமில்லாமல் திறந்து தப்பான பொருளைத் தரும் கோப்புதான் ஆளை ஏய்க்கும்.

ஒரு நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்த வாரம், ஒரு கண்மாயின் வரைபடத்தை அச்சிட்டு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். மூன்று வாரத்துக்கு முன் 3.4, இப்போது 1.2 என்று கோடு சரிந்திருந்தது. அவர் தாளைக் கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னப்பா, அங்க மறுகா பாயுது, நீங்க என்னடான்னா வத்திப்போச்சுன்னு கோடு போட்டு வச்சிருக்கீங்க?” என்றார். மறுகால் பாய்வது என்றால் கண்மாய் நிரம்பி வழிவது. இடையில் பழைய அளவுகோலை எடுத்துவிட்டுப் புதிதாக வண்ணம் பூசியதை நட்டிருந்தார்கள். பழையதில் அடி, புதியதில் மீட்டர். 1.2 மீட்டர் என்பது ஏறக்குறைய 3.9 அடி, கண்மாய் ஏறியிருந்தது. எங்கள் கோப்பில் நெடுவரிசையின் பெயர் முன்பும் ‘மட்டம்’, பின்பும் ‘மட்டம்’. லைப்ரரிக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை, தெரியவும் முடியாது.

அன்றிலிருந்து நாங்கள் எழுதும் ஒவ்வொரு கோப்பிலும், தரவுக்கு முன்னால், வடிவத்தின் பதிப்பெண் ஒன்று இருக்கிறது. இது லைப்ரரியின் பதிப்பெண் அன்று; நம் அட்டவணையின் அமைப்புக்கு நாமே தரும் எண். அமைப்பிலோ பொருளிலோ எது மாறினாலும் அது ஒன்று கூடும். லைப்ரரிகளின் பதிப்புகளையும், எழுதிய தேதியையும் பக்கத்தில் குறித்துவைக்கிறோம். அலகு நெடுவரிசையின் பெயரிலேயே இருக்கிறது: ‘மட்டம்_அடி’, ‘மட்டம்_மீ’.

இதோடு சேர்ந்த சில பழக்கங்களும் உண்டு. புதிய நெடுவரிசையைச் சேர்க்கலாம். இருப்பதன் பொருளை மாற்றக் கூடாது. கைவிட்ட பெயரை வேறொன்றுக்கு மறுபடி சூட்டக் கூடாது. தரவைச் சேமிக்கவும் அனுப்பவும் பயன்படும் கூகுளின் புரோட்டோகால் பஃபர்ஸ் முறையிலும், நீக்கிய புலத்தின் எண்ணை மீண்டும் பயன்படுத்தாதே என்பது அடிப்படை விதி. சுழியமும் வெற்றிடமும் வெவ்வேறு. வறண்ட கண்மாய்க்கு 0, அந்த வாரம் யாரும் போய்ப் பார்க்காத கண்மாய்க்கு வெற்றிடம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பிறகு பிரிக்க எந்த லைப்ரரியாலும் முடியாது.

ஆறாம் படி: படி ஏற்றும் செயல்கூறுகள்

கோப்பைப் படிக்கும் நிரல் முதலில் பதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். எண்ணே இல்லாவிட்டால் அது முதல் பதிப்பு என்று கொள்ளலாம். பிறகு 1-லிருந்து 2-க்கு, 2-லிருந்து 3-க்கு என்று ஒவ்வொரு படியாக ஏற்றும் சிறிய செயல்கூறுகளின் வழியே தரவு போக வேண்டும். 1-லிருந்து நேரே 3-க்குத் தாவும் செயல்கூறு எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், ஐந்தாம் பதிப்பு வரும்போது நாலாபக்கமும் குறுக்குவழிகள் பெருகி எது சரியென்று தெரியாமல் போகும். நிரல் அறிந்ததைவிடப் பெரிய பதிப்பெண் வந்தால் ஊகிக்க முயலாமல், ‘இது பதிப்பு 4, எனக்கு 3 வரைதான் தெரியும்’ என்று தெளிவாகச் சொல்லி நிற்க வேண்டும். ஏற்றிய தரவைப் பழைய கோப்பின் மேலேயே எழுதக் கூடாது.

பழைய கணினிக்காரருக்கு அனுப்ப நேர்ந்தால், எழுதும்போதே தாழ்ந்த வடிவத்தைக் கேளுங்கள். பிக்கிளில் நெறிமுறை எண்ணைத் தர வழியிருக்கிறது, பைத்தான் 3.14 இயல்பாகவே ஐந்தாம் நெறிமுறையில் எழுதுவதால், அதில் 4 என்று கேட்டு எழுதினால் 3.7-க்கும் நெறிமுறை தடையாக இராது. புள்ளியியலுக்கான ஆர் மொழியில் 3.6 பதிப்பிலிருந்து இயல்பாக எழுதப்படும் மூன்றாம் வடிவத்தை 3.5-க்கு முந்தையவை படிக்க மாட்டா; சேமிக்கும்போது பதிப்பு 2 என்று குறிப்பிட்டால் போதும்.

ஏழாம் படி: மாதிரிக் கோப்புகளும் பதிப்பு உயர்த்தும் நாளும்

ஒவ்வொரு வடிவப் பதிப்புக்கும் ஐந்து வரி கொண்ட ஒரு மாதிரிக் கோப்பை எங்கள் நிரலோடு சேர்த்தே வைத்திருக்கிறோம். ஐந்து வரிகளையும் வேண்டுமென்றே பொறுக்கியிருக்கிறோம்: வறண்ட கண்மாய் ஒன்று, அளவு வராத கண்மாய் ஒன்று, கொட்டாம்பட்டி, ‘007’, ஏப்ரல் மூன்றாம் தேதி எடுத்த 3.4 அடி. இந்தக் கோப்புகளை அந்தந்தப் பதிப்பு நடப்பில் இருந்தபோது எழுதிய நிரலே எழுதியது. பின்னால் கையால் சமைத்தவை அல்ல, அப்படிச் சமைத்தால் சோதனைக்குப் பொருளில்லை. கோப்பு திறந்ததா என்பதோடு சோதனை நின்றுவிடுவதில்லை; 3.4 அடி 1.04 மீட்டராக வந்ததா, வெற்றிடம் சுழியமாகிவிட்டதா, 007-இன் முன் சுழியங்கள் நிற்கின்றனவா என்று மதிப்பு மதிப்பாக ஒப்பிடுகிறது.

பயன்படுத்தும் லைப்ரரிகளின் பதிப்பெண்களை ஒரு கோப்பில் பூட்டிவைத்து, அறுவடை முடிந்து வேலை குறைவாக இருக்கும் மாதத்தில் மட்டும் உயர்த்துகிறோம். அந்த நாளில் முதலில் வெளியீட்டுக் குறிப்புகளைப் படியுங்கள். பதிப்பின் முதல் எண் மாறியிருந்தால் இரண்டு முறை படியுங்கள். ‘இது விரைவில் நீக்கப்படும்’ என்ற எச்சரிக்கைகளை மறைத்துவைக்காமல் ஒவ்வொன்றாகத் தீருங்கள். இன்ட்64இன்டெக்ஸ் போகப்போகிறது என்று பாண்டாஸ் 1.4 பதிப்பே எச்சரித்திருந்தது. ஒரு நேரத்தில் ஒரு லைப்ரரியை மட்டும் உயர்த்தி, மாதிரிக் கோப்புகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். ஏதேனும் ஒரு வரி தோற்றால், பழைய பதிப்பெண்ணுக்கே திரும்பி, எந்தக் கோப்பில் எந்த வரி தோற்றது என்பதைத் தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மூலக் கோப்புறையைத் தொடாமல் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.